புள்ளலூர் வழியாக அமெரிக்காவுக்கு

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்க விடுதலைப் போர். பத்தாம் வகுப்பில் பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர், தீரன் சின்னமலை, வேலூர்ப் புரட்சி. 2018ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சமூக அறிவியல் பாடத்திட்டத்தில், காலனியாட்சிக்கு எதிரான போர்களை ஒரு மாணவர் சந்திக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான். முன்னது கடல்கடந்த நாட்டில் நடந்தது. பின்னது தென்பாண்டிச் சீமையிலும் கொங்கு நாட்டிலும் வேலூர்க் கோட்டையிலும் நடந்தது. இரண்டையும் படித்து முடிக்கும் ஸ்ரீபெரும்புதூர் மாணவர், விடுதலைப் போர் என்பது எங்கோ வேறோர் ஊரில் வேறு யாருக்கோ நேர்ந்த ஒன்று என்று எண்ணினால் அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

ஆனால், இவ்விரு பாடங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் அவருடைய பள்ளியிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்துக்குள் இருக்கிறது! காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புள்ளலூர் அது. ஆங்கில நூல்களில் அவ்வூரின் பெயர் ‘பொள்ளிலூர்’ என்று திரிந்து கிடப்பதால், படித்தவர்கள்கூட இரண்டும் ஒன்றென அறியாமல் கடந்துவிடுகிறார்கள். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அங்கே கும்பினிப் படை ஒன்று முற்றாக அழிந்தது. இந்திய மண்ணில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பூங்காக்களாகவே இப்பகுதி இன்று அறியப்படுகிறது. இங்குள்ள அரசுப் பள்ளிகளில் பூர்வகுடிகளின் பிள்ளைகளோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ‘நம் முன்னோர்’ என்று தொடங்கும் வரலாற்றுப் பாடம் இவ்வகுப்பறைகளில் பாதிப்பேரைத் தொடாமலே போய்விடும். ‘நாம் நிற்கும் இந்த இடம்’ என்று தொடங்கினால் எல்லோரையும் தொடும். இடம் எல்லோருக்கும் பொது அல்லவா?

இடம் என்று பார்த்தால் இந்நிலப்பரப்புக்குப் போர் புதிதன்று. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கி வந்த காலத்தில், மகேந்திரவர்மர் தம் பகைவரைப் புள்ளலூரில் அழித்தார் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அடுத்த தலைமுறையில் நரசிம்மவர்மர் அதே புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. ஒரகடத்துக்கு அருகில், படப்பையை அடுத்திருக்கும் அந்த மணிமங்கலம்தான். காஞ்சியைக் காக்க வருபவரும் கைப்பற்ற வருபவரும் மோதிக்கொள்ளும் வாசல்களாக இவ்வூர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்துவந்திருக்கின்றன. பல்லவர் கதையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம், அது தனிக்கட்டுரைக்குரியது.

இனி, அமெரிக்காவுக்கும் புள்ளலூருக்கும் என்ன உறவு என்று பார்ப்போம்.

பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பரில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை யாருடையது என்று வகுப்பில் கேட்டால், ‘ஆங்கிலேயருடையது’ என்றுதான் விடை வரும். அது கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை. சென்னையில் ஜார்ஜ் கோட்டையில் அமர்ந்திருந்த அதே கும்பினி! விற்காமல் தேங்கிய தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்றுக் கடனிலிருந்து கும்பினி மீளட்டும் என்றே இலண்டன் நாடாளுமன்றம் அவ்வாண்டில் தேயிலைச் சட்டம் இயற்றியது. கும்பினி கடனில் விழுந்ததற்குக் காரணங்கள் பல. வங்கப் பெரும்பஞ்சம் ஒன்று, படைச்செலவு இன்னொன்று. 1769இல் இலண்டனில் அதன் பங்குகள் சரிந்ததும் அவற்றுள் ஒன்று; அச்சரிவுக்குத் தூண்டுதலாக இருந்த செய்திகளுள், மைசூரின் ஹைதர் அலி கர்னாடகத்துக்குள் புகுந்துவிட்டார் என்பதும் இருந்தது. அவ்வாண்டு ஹைதரின் குதிரைப்படை சென்னையின் வாயில்வரை வந்து உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டே திரும்பியது. பாஸ்டன் தேநீர் விருந்துக்கு ஹைதரே காரணம் என்று எவரேனும் முடிச்சுப் போட்டால் அது மிகை. அந்த நூலில் ஓர் இழை இங்கிருந்து போனது என்று சொல்லலாம்.

1769 உடன்படிக்கையின்படி, ஹைதரை வேறொருவர் தாக்கினால் ஆங்கிலேயர் துணைக்கு வரவேண்டும். அடுத்த ஆண்டே மராத்தியர் தாக்கினர், ஆங்கிலேயர் வரவில்லை. ஹைதர் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இதற்கிடையே 1778இல் அமெரிக்கருக்கு ஆதரவாகப் பிரான்சு போரில் இறங்கியது. அவ்வளவுதான், அமெரிக்கப் போர் சோழமண்டலக் கரைக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தனர். அம்முற்றுகையை நடத்தியவர், 1764இல் பக்சாரில் வென்ற ஹெக்டர் மன்றோ. 1779 மார்ச்சில் மலபார்க் கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் பிடித்தனர். ஹைதரின் படைக்கு வெடிமருந்தும் தளவாடமும் வந்திறங்கிய துறை அது. அதைத் தொடக்கூடாது என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். மராத்தியரோடும் நிஜாமோடும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 1780 ஜூலையில் அவர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். அவருடைய படை 80,000 முதல் 90,000 பேர்வரை என்று மதிப்பிடப்படுகிறது.

மன்றோ பறங்கிமலையில் படைதிரட்டி, ஆகஸ்டு இறுதியில் காஞ்சிபுரம் சென்றார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 2,800 பேருடன் தெற்கே இறங்கிவந்து அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்டு 25ஆம் நாள் பெய்லி கொசஸ்தலை ஆற்றின் கரையை அடைந்தார். ஆற்றில் அப்போது நீர் குறைவு. காலையில் கடந்துகொள்ளலாம் என்று கரையிலேயே பாளையம் இறங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. ஒரே இரவில் ஆறு என்னவாகும் என்பதை 2015 டிசம்பரைக் கண்ட இப்பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. செப்டம்பர் தொடங்கியும் சில நாட்கள் அவர் அக்கரையிலேயே காத்துக்கிடந்தார். ஆர்க்காட்டை முற்றுகையிட்டிருந்த ஹைதருக்கு அந்த நாட்கள் போதும். முற்றுகையை விட்டுவிட்டுத் தாம் காஞ்சிக்கு அருகே வந்து மன்றோவுக்கு எதிரில் அமர்ந்தார்; பெய்லியை மறிக்க மகன் திப்புவை அனுப்பினார்.

செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் மேலே நகர முடியவில்லை. காஞ்சிக்கு அங்கிருந்து 14 மைல்தான். மன்றோ தாமே படையோடு போகாமல், கர்னல் பிளெச்சரின் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேரை அனுப்பினார். காஞ்சியில் சேர்த்துவைத்திருந்த தானியத்தை விட்டுப்போக அவர் அஞ்சினார் என்பர். பசித்த படைக்குத் தானியமே கோட்டை; ஆகவே அதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஏற்கெனவே சிறிதாயிருந்த படையை இரண்டாகப் பிரித்தது பெரும்பிழை என்பதில் ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களுக்கே ஐயமில்லை. பிளெச்சர் 9ஆம் நாள் பெய்லியோடு சேர்ந்தார். அன்றிரவே புறப்பட்டவர்கள், இருளில் பகைவரின் பீரங்கிகள் தொல்லை தரவே, விடியும்வரை நின்றுவிட்டனர். விடிந்தபோது ஹைதரின் பெரும்படை முழுவதும் புள்ளலூரில் அவர்களைச் சூழ்ந்திருந்தது.

பெய்லியின் படை சதுரமாக அணிவகுத்து நின்று பலமுறை குதிரைப்படையின் பாய்ச்சலைத் தடுத்தது. பின்னர் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அத்தோடு பீரங்கிகள் ஊமையாயின, அணி குலைந்தது. பிளெச்சர் களத்தில் இறந்தார். பெய்லி சரணடைந்தார். ஐரோப்பியருள் ஏறத்தாழ 200 பேர் சிறைப்பட்டனர். சிப்பாய்களுள் பெரும்பாலோர் மாண்டனர், அல்லது பிடிபட்டனர், அல்லது சிதறினர். வெடிச்சத்தம் காஞ்சியில் கேட்டது. காலையில் புறப்பட்ட மன்றோ, நடந்ததை அறிந்து காஞ்சிக்கே திரும்பினார். மறுநாள் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பறங்கிமலைக்குப் பின்வாங்கினார். பக்சார் வீரர்!

பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவரோடு சிறைப்பட்ட இளைஞர் டேவிட் பேர்டு, போர் முடிந்து 1784இல் விடுதலையானார். 1799இல் அதே கோட்டைச் சுவரில் ஏறிய படைக்கு அவரே தலைவர். திப்பு அன்று வீழ்ந்தார். திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் அக்கோட்டையில்தான் இருந்தனர். ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு நேர்வழி இது. நடுவில் புள்ளலூர் இல்லாவிட்டால் வழி தெரியாது.

மேற்கேயும் செய்தி போய்ச் சேர்ந்தது. பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க அமர்த்திய ஒரு போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர். 1782 ஏப்ரல் 8ஆம் நாள் டெலவேர் வளைகுடாவில், ஜோஷுவா பார்னி என்ற இளந்தலைவரின் கீழ், அது தன்னைவிட வலிமைமிக்க ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. பிலிப் ஃபிரெனோ என்ற அமெரிக்கக் கவிஞர் அதைப் பாடினார். ஆங்கிலேயரை நடுங்கவைத்த பெயர் என்பதற்காகவே அமெரிக்கர்கள் அதைத் தங்கள் கப்பலுக்குச் சூட்டிக்கொண்டனர். அவ்வாண்டு பிப்ரவரியில்தான், செங்கல்பட்டுச் சீமையின் கடற்கரையான சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் ஆங்கிலக் கப்பல்களோடு பொருதினார். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடுமையாகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது, பிரெஞ்சுக்காரர் விலகினர், திப்பு தனித்து நின்றார். 1784 மார்ச் 11இல் மங்களூரில் உடன்படிக்கை ஆயிற்று. ஹைதர் அதைக் காணவில்லை. சித்தூருக்கு அருகில் 1782 டிசம்பர் 7இல் இறந்துபோயிருந்தார்.

கார்ன்வாலிஸ் பெயரை நம் மாணவர்கள் நிலையான நிலவரித் திட்டத்துக்காக மனப்பாடம் செய்கிறார்கள். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த படையின் தலைவரும் அவரே. அங்கே தோற்றவர் இங்கே 1786இல் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தார். ஒரே மனிதரை இரண்டு வகுப்புகளில் இரண்டு பேராகப் படிக்கும் விந்தை வேறெங்கும் உண்டா, தெரியவில்லை!

இவ்வளவையும் சொன்னால் மாணவர் நிமிர்ந்து உட்காருவார். ஆசிரியரின் உண்மையான வேலை அதன் பிறகே தொடங்குகிறது. ‘அப்படியென்றால் புள்ளலூர் விடுதலைப் போரா, ஐயா?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். அதற்கு ‘ஆம்’ என்று உடனே சொல்லிவிடுவது எளிது. நம்மில் பலர் சொல்லியும் வருகிறோம். அவ்விடையில் பாதியே உண்மை என்பது நம் கருத்து.

ஹைதர் தம் அரசைக் காக்கப் போரிட்டார். கும்பினியை இந்நிலத்திலிருந்து அகற்றாமல் எந்த அரசும் நிலைக்காது என்பதை அவர் அளவுக்குத் தெளிவாக உணர்ந்த மன்னர் அக்காலத்தில் மிகச் சிலரே. அந்த வகையில் அவருடைய போர் காலனியாட்சிக்கு எதிரான போர்தான். ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் உழவர் அப்போரை எப்படிக் கண்டார்? இங்குள்ள ஊர்களை ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763இல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்திருந்தார். கும்பினி அதைத் திரும்பவும் நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. ஆக, ஊரின் நெல் இரண்டு மேலாளர்களுக்கு அளக்கப்பட்டது. மூன்றாவதாக வந்தவர் ஹைதர். சென்னைக்குத் தானியமும் கால்நடையும் போய்ச் சேராதபடி, நகரைச் சுற்றியிருந்த நாட்டை அவருடைய குதிரைப்படை திட்டமிட்டே அழித்தது. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு விரித்த வலையில் முதலில் விழுந்தவர்கள் ஏரிக்கரையில் இருந்த குடியானவர்கள். ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச்செல்லப்பட்டன, மக்கள் சென்னையை நோக்கி ஓடினர்.

தொடர்ந்து பஞ்சம் வந்தது. 1782இல் சென்னையில் பஞ்சத்தில் அடிபட்டோருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். அதைச் சார்ந்து வளர்ந்த மருத்துவமனையைத்தான் வடசென்னையின் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைத்தார்கள்; இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. இப்பக்கத்து வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் சிகிச்சைக்காக அங்கே போயிருப்பார்கள். அப்பெயருக்குள் புள்ளலூரின் போர் ஒளிந்திருப்பதை வகுப்பில் சொன்னால், போரின் விலை என்ன என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

அழிவுக்கு முன் இந்நாடு எப்படி இருந்தது என்பதை அறியவும் நமக்கு வாய்ப்பு உண்டு. இது இப்பகுதிக்கு வாய்த்த அரிய பேறு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்தோறும் எத்தனை வீடுகள், எந்தத் தொழிலினர், எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், விளைச்சலில் கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் வெட்டியாருக்கும் எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் அதில் உண்டு. இதன் அருமையைத் தரம்பால் உலகுக்கு எடுத்துச்சொன்னார், சென்னையில் ஜே. கே. பஜாஜும் எம். டி. சீனிவாசும் தமிழ் ஓலைக்கணக்குகளோடு ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். ஓலைகளில் ஒருபகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஹைதர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எடுக்கப்பட்ட ஒளிப்படம் போன்றது அக்கணக்கு. போருக்குப் பிந்தைய படத்தை 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசின் அறிக்கை தருகிறது. உடைந்த ஏரிகளும் பாழ்பட்ட ஊர்களும் அதில் வருகின்றன. வரியைக் கூட்டுவதில் கண்ணாயிருந்த அதிகாரியின் எழுத்து அது என்பதையும் மறக்கலாகாது. முன்பு நிலவிய சீர்கேட்டைப் பெரிதாக்கிக் காட்டினால் தம் ஆட்சி சிறப்பாகத் தெரியும் என்ற கணக்கு எந்தக் கலெக்டருக்கும் உண்டு. யூஜின் இர்ஷிக் என்ற அமெரிக்க அறிஞர் 1994இல் வெளியிட்ட செங்கல்பட்டு பற்றிய நூலில், மிராசுதார்கள் இவரோடு எப்படி மல்லுக்கு நின்றார்கள் என்பதை விரிவாகக் காணலாம்.

மக்களின் நினைவு எதைத் தேர்ந்துகொண்டது என்பதுதான் வேடிக்கை. மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காத்ததைக் கலெக்டர் பிளேசு கண்ட கதையைச் செங்கல்பட்டுப் பக்கத்தில் எந்தப் பாட்டியும் சொல்வார். ஏரிகாத்த இராமர் கோயில் அதற்குச் சாட்சி. ஏரி ஏன் உடைந்து கிடந்தது, யார் காலத்தில் பராமரிப்பற்றுப் போனது என்பது அக்கதையில் இல்லை. போர் மறந்துபோயிற்று, கரை நினைவில் நின்றது. உழவரின் வரலாற்றறிவைக் குறைசொல்ல நாம் துணியமாட்டோம்!

புள்ளலூரில் இப்போது என்ன இருக்கிறது? உயர்ந்த இரண்டு நினைவுத்தூண்கள் உள்ளன. ஆனால் அவை 1780ஆம் ஆண்டின் பெருந்தோல்விக்காக எழுந்தவை அல்ல. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27இல், அயர் கூட்டின் படைக்கும் ஹைதருக்கும் அதே புள்ளலூரில் மீண்டும் ஒரு போர் நடந்தது. திருப்பாசூரைக் கைப்பற்றிய கையோடு கூட் வந்தார். பெய்லியை வென்ற களம் தமக்கு நலம் தரும் என்று ஹைதர் அதே இடத்தில் காத்திருந்தார். முந்தைய ஆண்டில் மாண்டவர்களின் எலும்புகளைக் கூட்டின் படையினர் வழியில் கண்டதாகக் குறிப்புகள் உண்டு. முடிவு தெளிவில்லாத அப்போரில் இறந்த கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப் ஆகிய இருவருக்கே அத்தூண்கள். தாங்கள் வென்றதாகச் சொல்லிக்கொண்ட போருக்கு ஆங்கிலேயர் கல் நட்டார்கள். தோற்ற போருக்கு நடவில்லை. வென்ற ஹைதரும் அங்கே கல் நடவில்லை. இரு போர்களிலும் இரு பக்கமும் நின்று மடிந்த நம் நாட்டவருக்கோ ஒரு செங்கல்கூட இல்லை.

அவர்களைப் பற்றி மாணவர்களிடம் பேசத்தான் வேண்டும். கும்பினிப் படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் தக்காண உருதுவும் பேசியவர்கள். மைசூர்ப் படையிலும் பல மொழியினர், கூடவே பிரெஞ்சு அதிகாரிகள். ‘நாம் - அவர்கள்’ என்று கரும்பலகையில் நடுக்கோடு போட்டு எழுதும் வழக்கம் புள்ளலூரில் செல்லாது. சிப்பாய் கூலிக்காகப் போரிட்டார் என்றால், வேலூரில் எழுந்ததும் அதே சிப்பாய் இனம்தானே? 26 ஆண்டுகளில் என்ன மாறியது என்று கேட்டுப் பார்க்கலாம். விடை ஒற்றை வரியில் வராது, வராதிருப்பதே நல்லது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. மாளிகை 1784இல் கட்டப்பட்டது. பல்லக்கில் வாடி அமர்ந்திருக்கும் பெய்லி, வெடிக்கும் மருந்துவண்டி, நாற்புறமும் பாயும் குதிரைகள் என அச்சுவர் முழுதும் போர்தான். தென்னிந்தியாவுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிக் கூட்டங்கள் மைசூருக்குப் போகும் வழியில் இதைக் கண்டுவிட்டே போகின்றன. அது தங்கள் மாவட்டத்து ஊர் என்று அறியாமலே! இந்த ஓவியத்தின் கதையும் ஒரு பாடம். 1799க்குப் பின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதைச் செப்பனிடச் செய்தார். மங்கிப்போனதை டல்ஹௌசி காலத்தில் மறுபடியும் தீட்டினர். தங்கள் தோல்வியின் படத்தை வென்றவர்கள் தாங்களே பாதுகாத்தனர். மறுதீட்டலில் எது மாறியது, எது மாறவில்லை என்பது ஆய்வுக்குரியது. அதே காட்சியின் பழைய ஓவியப்படி ஒன்று 2022 மார்ச்சில் இலண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போயிற்று.

மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் வாணங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள். அமெரிக்காவில் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் திப்புவின் வாணப்படை ஓவியத்தைக் கண்டு வியந்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகு’களில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் காங்கிரீவ் தம் வாணங்களைச் செய்வதற்கு மைசூர் வாணங்களே முன்மாதிரி என்பதும் அறிந்ததே. இது உண்மையான பெருமை, சொல்லுங்கள். ஆனால் புள்ளலூரை முடிவு செய்தவை வாணங்கள் மட்டும் அல்ல. ஆற்று வெள்ளம், பிரிந்த படை, இரவில் நின்ற தவறு, உளவறிந்து விரைந்த குதிரைப்படை இவையெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்தன. வாணம் கவர்ச்சியானது என்பதற்காக மற்றவற்றை விழுங்கிவிட அதை அனுமதித்தால், வரலாற்றுப் பாடம் வாணவேடிக்கை ஆகிவிடும்.

இன்னொரு எளிய வழியையும் தவிர்க்கலாம் என்போம். அன்று ஒரு கும்பினி, இன்று இத்தனை கம்பெனிகள் என்று இப்பகுதியில் மேடையேறுவோர் சிலர் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் பெறுகிறார்கள். அன்றைய கும்பினிக்குப் படை இருந்தது, வரி தண்டும் உரிமை இருந்தது, தூக்கிலிடும் அதிகாரம் இருந்தது. இன்றைய தொழிற்சாலைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்குகள் மெய்யானவை. அவற்றுக்கு அவற்றின் சொந்தச் சட்டமும் மொழியும் உண்டு. தந்தை ஷிப்டு முடித்து வரும் வீட்டுப் பிள்ளைக்கு உவமையைவிட வேறுபாட்டைக் கற்பிப்பது பயன்தரும்.

இரண்டு பாடவேளை போதும். முதலாவதில் ஒரு நிலப்படம்: கொசஸ்தலை ஆறு, பேரம்பாக்கம், புள்ளலூர், காஞ்சி, செங்கல்பட்டு, பறங்கிமலை. மாணவர்களே தங்கள் ஊரை அதில் குறிக்கட்டும். பெய்லியும் மன்றோவும் ஹைதரும் நகர்ந்த வழிகளை மூன்று வண்ணங்களில் வரையட்டும். பக்கத்தில் சிறிதாக ஓர் உலகப்படம்: பாஸ்டன், யார்க்டவுன், டெலவேர், மாஹே, கடலூர். இரண்டாவதில் எழுத்துவேலை. 1780 செப்டம்பரில் உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் நடந்ததை ஓலையில் எழுதுங்கள் என்று சொல்லலாம். ஏரியில் எவ்வளவு நீர், களத்தில் எவ்வளவு நெல், யார் வந்து எதைக் கேட்டார்கள், எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று எழுதும் பிள்ளை யாருக்கு வெற்றி என்று எழுதுகிறது, அல்லது எழுதாமலே விடுகிறதா என்று பாருங்கள். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் தங்கள் மொழியில் எழுதட்டும். பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

செப்டம்பர் 10ஆம் நாள் பெரும்பாலும் காலாண்டுத் தேர்வையொட்டியே வரும். ஆகவே புள்ளலூருக்கு அழைத்துச்செல்ல நினைக்கும் ஆசிரியர்கள் ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்துகொள்வது நல்லது. தூண்களைக் காட்டிய பிறகு பேருந்தைப் பேரம்பாக்கம் பக்கமாக விட்டு, பெய்லி நான்கு நாட்கள் கடக்க முடியாமல் தவித்த தொலைவைப் பிள்ளைகளே கடிகாரம் பார்த்து அளக்கட்டும்.